கையில் தராத உப்பு

என் கைகள் இப்போது அறுபத்தோரு நாடுகளில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. எங்கோ ஒரு பாலைவனத்தில் கஞ்சி ஊற்றுகின்றன, வெள்ளம் வடிந்த ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒருத்தியின் தலையைத் துவட்டுகின்றன. நானோ என் ஊரான முள்ளக்காட்டில், நாலு வருஷம் யாரும் எட்டிப் பார்க்காத வீட்டில், புதிதாகப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கட்டன் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

முறையாகவே சொல்லிவிடுகிறேன். என் பெயர் முத்துப்பேச்சி. இருபத்திரண்டு வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்தவள். புருஷன் என்று ஒருத்தன் இருந்தான். இருந்தவரை தொல்லை, போனபிறகு நிம்மதி. பிள்ளை கிடையாது. எனக்கென்று இருந்தது எங்கள் செட்டுதான், பன்னிரண்டு பெண்கள். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் உப்பை வாரிச் சுமந்து மேட்டில் கொட்டிவிட்டு, மதியம் ஒரே நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். என் தூக்குவாளியில் பாதி ஜெபக்கனிக்கு, அவளுடையதில் பாதி எனக்கு. வாய் ஓயாமல் பேசுவோம். என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை.

அப்போதுதான் ‘ஆயிரம் கை’ இயக்கம் வந்தது. உலகத்தில் ஏழைகள் இருக்கும் இடமெல்லாம் இயந்திரக் கைகளை அனுப்பப் போகிறார்களாம். அவற்றுக்கு வேலை சொல்லித்தர ஏழைப் பெண்களின் கைகளே வேண்டுமாம். சொகுசாக வளர்ந்த கைக்குப் பாத்திரத்தின் அடியில் ஒட்டியதை வழித்தெடுக்கத் தெரியாது என்று மேடையில் ஒரு வெள்ளைக்காரம்மாளே சொன்னாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று. முந்நூறு பேரைச் சோதித்துப் பார்த்து, ஒரு பொட்டுக்கூடச் சிந்தாத கை என்று என் கையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மூன்று வருஷம் ஒரு குளிர்ந்த அறையில் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையுறை முழுக்க நரம்பு மாதிரி கம்பிகள். ஊட்டுவது, கட்டுப்போடுவது, தலை வாருவது, துணி பிழிவது என்று நான் எதைச் செய்தாலும் அது கற்றுக்கொள்ளும். எதிரே ஒரு கம்பத்தில் ரப்பர் கை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கொடுப்பதையெல்லாம் அதனிடம்தான் கொடுக்க வேண்டும். பேசக் கூடாது. எங்கள் ஊர்க்காரிக்கு வாய் திறந்தால் கை சும்மா இருக்காது; அந்த ஆட்டமெல்லாம் பதிவில் விழுந்துவிடும் என்று வாயை மூடச் சொல்லிவிட்டார்கள். வாய் ஓயாமல் இருந்தவள் மூன்று வருஷம் ஒரு ரப்பர் கையோடு குடித்தனம் நடத்தினேன்.

முடிந்ததும் சால்வை போர்த்தினார்கள். என் இரண்டு கைகளையும் படம் பிடித்து, ‘அதிகாரம் பெற்ற பெண்’ என்று எழுதி, ஊர் ஊராக ஒட்டினார்கள். முகத்தை விட்டுவிட்டார்கள்.

அடுத்த மாதம் எங்கள் அளத்துக்கே ஆறு இயந்திரங்கள் வந்து இறங்கின. உதவிக்கு மட்டும்தான் என்று சொன்னவர்கள், இயக்கம் நடத்தச் செலவாகிறது என்று அளத்து முதலாளிகளுக்கும் என் கையை வாடகைக்கு விட்டிருந்தார்கள். சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள். செட்டு கலைந்தது. ஜெபக்கனி என் வாசலில் நின்று சொன்னாள்: “ஒத்தக் கை வந்து பன்னெண்டு பேரு கைய ஒடிச்சிட்டுல்லா.” அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. நாலு வருஷம் அப்படியே போயிற்று.

ஆனால் அந்தச் சண்டைக்கு நான் வேறு ஒரு காரணம் வைத்திருந்தேன். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மலைமலையாக உப்பு கிடக்கும். ஆனால் ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்கு உப்பைத் தர மாட்டோம். தந்தால் இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிடும். கீழே வைத்து, பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினால், அவள் எடுத்துக்கொள்வாள். கையுறை மாட்டுவதற்கு முந்தின நாள், கஞ்சிக்கு உப்புப் போதவில்லை என்று ஜெபக்கனி கையை நீட்ட, ஏதோ நினைவில் கையிலேயே வைத்துவிட்டேன். அதனால்தான் சண்டை வந்தது என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடம் சொன்னேன்? சுவரிடம்தான்.

போன தை மாதம் ஒரு முற்பகலில் தாட்சாயணி வந்தாள். இயக்கத்தின் சென்னை அலுவலகத்தில் விசாரணை அதிகாரி. முப்பத்தைந்து வயது இருக்கும். உட்காரச் சொன்னதும் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நல்ல பெண்தான்.

“அம்மா, ஒரு முகாம்ல பிரச்சனை. ஆப்பிரிக்காவுல, ஒரு ஏரிக்கரையில. நம்ம மெஷின் மாவு, எண்ணெய், சோப்பு எல்லாத்தையும் கையிலதான் கொடுக்குது. உப்பை மட்டும் தரையில வைக்குது. நாய்க்கு வைக்கிற மாதிரி வைக்குதுன்னு அந்தப் பொண்ணுங்க உப்பு வாங்குறதையே நிறுத்திட்டாங்க.”

“கண்ணு சரியாத் தெரியலயோ என்னவோ அதுக்கு” என்றேன்.

“நாங்களும் கேமரா கோளாறுன்னுதான் நெனச்சோம். அப்புறம் இது நடந்துச்சு. பாக்க முடியுமா உங்களால?”

கையிலிருந்த திரைப் பலகையில் படத்தை ஓடவிட்டாள். ஒரு கூடாரம். பாயில் ஒரு பெண் படுத்திருக்கிறாள். அலீமா என்று பெயராம். வயிற்றுப்போக்கில் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. பக்கத்தில் தண்ணீர்க் குடம். இயந்திரம் உள்ளே வந்து, உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலத்தை எடுத்தது. அவள் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். இயந்திரம் அந்தக் கையைப் பார்த்தது. பொட்டலத்தைப் பாய்க்கு வெளியே தரையில் வைத்தது. பக்கத்தில் இரண்டு தட்டு தட்டியது.

அந்தத் தட்டலைப் பார்த்ததும் என் கையை மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டேன்.

“அவங்க வாங்கிட்டாங்கன்னு தெரிஞ்சாத்தான் அது அடுத்த வேலைக்குப் போகும்” என்றாள் தாட்சாயணி. “பிரிச்சு, தண்ணியில கலந்து, ஊட்டி விடும். கூடாரத்துல வேற யாரும் இல்ல, இவங்களால திரும்பிப் படுத்து எடுக்க முடியல. கையை மட்டும் நீட்டிக்கிட்டே இருந்தாங்க. மூணு தடவை நீட்டினாங்க. மூணு தடவையும் அது பொட்டலத்தைத் தரையிலயே கொஞ்சம் தள்ளி வச்சுத் தட்டுச்சு. அப்புறம் காத்துக்கிட்டு நின்னுச்சு. காலைல பதினோரு மணிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்.”

“அப்புறம்?”

“இறந்துட்டாங்க. ரெண்டு வயசுல ஒரு பொண்ணு இருக்கு.”

அந்தத் தட்டல் என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

“உங்க பதிவுல தப்பு இருக்கலாம்னு நெனக்கிறாங்க. அப்படின்னு உறுதியானா, எல்லா மெஷின்லயும் உங்க கையை அழிச்சிடுவாங்க. இல்ல, கேமரா கோளாறுன்னு முடிச்சிட்டா இப்படியே ஓடும். உங்களுக்கு ஏதாவது தோணுதாம்மா?”

யோசித்துப் பாருங்கள். செட்டு போயிற்று, ஜெபக்கனி போய்விட்டாள், பேச ஆளில்லை. எனக்கு மிச்சமிருந்தது அந்தக் கை ஒன்றுதான். யாரோ ஒரு பிள்ளைக்கு அது சோறு ஊட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் நான் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதையும் அழித்துவிட்டால் நான் யார்? “எனக்கு என்ன தெரியும் மேடம்” என்றேன். பொய்தான்.

அவள் பலகையை மூடிவிட்டு எழுந்தாள். வந்தவளைப் பசியோடு அனுப்பக் கூடாதே என்று, இருந்த கம்பங்கூழைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். “கொஞ்சம் உப்பு இருக்குமாம்மா?” என்று கையை நீட்டினாள்.

நான் உப்பு வைக்கும் மரக் கிண்ணத்தை எடுத்தேன். ஒரு சிட்டிகை எடுத்து, ஒரு சின்னத் தட்டில் போட்டு, அவள் நீட்டிய கையைத் தாண்டித் தரையில் வைத்தேன். பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினேன்.

அவள் கை அப்படியே நீட்டியபடி நின்றது. தட்டையும் என் விரலையும் பார்த்தாள். நான் என் விரலைப் பார்த்தேன். அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது?

“நாந்தான் தாயி” என்றேன். “அந்தப் பிள்ளைய நாந்தான் கொன்னேன். வேணும்னு செய்யல. சண்டை வந்துரும்னு உப்ப நாங்க கையில குடுக்க மாட்டோம். அந்த ரப்பர் கைக்குக்கூடக் குடுக்கல போலுக்கு. கவனிக்கவே இல்ல தாயி.” அழுதேன். அவள் கூழைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பதிவு பண்ணும்போது யாரும் பாக்கலையா?” என்று கேட்டாள்.

“சிந்துதா, சுணங்குதான்னுதான் பாப்பாங்க. நான் எதையும் சிந்தல.”

அழித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் புதிதாக ஒரு கையைப் பழக்க மறுபடி மூன்று வருஷம் ஆகும். அதுவரை அறுபத்தோரு நாட்டிலும் இயந்திரங்கள் சும்மா நிற்க வேண்டும். அதனால் உப்பை மட்டும் திருத்தலாம் என்று முடிவானது. பழைய அறை, பழைய கையுறை. உப்புப் பொட்டலத்தைக் கையில் கொடுக்க வேண்டும், ஆயிரம் தடவை. ஒரு மாதம் தவணை. முடியாவிட்டால் அழிப்பு.

ரப்பர் கையிடம் கொடுத்துப் பார்த்தேன். உப்பு என்றதும் மணிக்கட்டு தானாகக் கீழே இறங்கியது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், நான் சொன்னால் கேட்குமா? தாட்சாயணி தன் கையை நீட்டினாள். எனக்குக் கை நடுங்கியது. எனக்காக அதிகாரிகளிடம் வாதாடியவள், அவளோடு எனக்கு எதற்குச் சண்டை? அந்த நடுக்கத்தையும் கையுறை கற்றுக்கொண்டது. அலுவலகத்துப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். நாலு பேரிடமும் நடுக்கம்தான். இது மூடநம்பிக்கை என்று ஒரு பொறியாளர் எனக்கு விளக்கினார். எனக்குத் தெரியாததையா சொல்லிவிட்டார்? கைக்கல்லவா தெரிய வேண்டும்.

பத்தாம் நாள் ஒரு யோசனை வந்தது. உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும். சரி. ஏற்கெனவே சண்டை போட்டு முடித்தவளிடம் கொடுத்தால் இனிமேல் என்ன வரப்போகிறது? அப்படி எனக்கு உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

ஜெபக்கனி கடற்கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அளத்து வேலை போனபிறகு அவளுக்கு அதுதான் பிழைப்பு. நான் வருவதைப் பார்த்துவிட்டு நெத்திலியைக் கிளறுவதில் மும்முரமானாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டலம், தட்டல், அலீமா நீட்டிய கை, முன்னொரு நாள் அவள் கையில் நானே வைத்த உப்பு, இப்போது மறுபடி அவள் கை வேண்டும் என்பது. அவள் நிமிரவே இல்லை.

“அந்தப் புள்ளைக்கு எத்தன வயசு?” என்றாள் கடைசியில்.

“ரெண்டு.”

“நீ குடுத்த உப்பாலதான் நமக்குச் சண்டை வந்துச்சுன்னு இன்னுமா நெனச்சிட்டு இருக்க?”

காலடியில் கிடந்த ஒரு நெத்திலியை எடுத்து அவள் பக்கம் போட்டேன்.

“ஆறு மெஷினு வந்துச்சுல்லா அளத்துக்கு, அன்னைக்கு நீ வந்து எங்க பக்கத்துல நின்னியா? வந்து நின்னா போதும்ட்டி. ஒண்ணும் கிழிக்க வேண்டாம், சும்மா நின்னுருக்கலாம். நீ வீட்டப் பூட்டிட்டு உள்ள இருந்த. அதாம் சண்டை.”

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். எனக்கு வெட்கமாக இருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்று பயந்து அன்றைக்கு உள்ளேயே இருந்தேன். இதைச் சொல்ல நாலு வருஷம் ஆயிற்று. அதையும் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“நாளைக்கு வாரேன்” என்றாள். “அந்தச் செத்த புள்ளைக்காக. ஒனக்காக இல்ல.”

வந்தாள். எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாள். வெயிலும் உப்பும் தின்ற கை, என்னுடையது மாதிரியே. பொட்டலத்தை எடுத்தேன். மணிக்கட்டு இறங்கப் பார்த்தது, இறங்கவில்லை. கையில் வைத்தேன். நடுக்கம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் தாட்சாயணி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். நாங்களும் பேசவில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை, இருபது நாள். கொடுப்பேன், வாங்குவாள், பொட்டலத்தைப் பெட்டியில் போடுவாள், மறுபடி கையை நீட்டுவாள். ஒன்றை மட்டும் நான் வேண்டுமென்றே செய்தேன். கொடுத்தபிறகு என் கையை நான் முதலில் எடுக்க மாட்டேன். நாலு வருஷத்தில் நடுங்காமல் நான் தொட்ட மனுஷக் கை அது ஒன்றுதான். அவளாக இழுத்துக்கொள்ளும்வரை வைத்திருப்பேன். அவள் சட்டென்று இழுத்துக்கொள்வாள். ஆயிரம் தடவையும் அவள்தான் இழுத்துக்கொண்டாள்.

ஆயிரம் முடிந்ததும் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேருந்துக்குப் போனாள்.

என் கையை அழிக்கவில்லை. மூன்று மாதம் கழித்துத் தாட்சாயணி அழைத்தாள்.

“உப்பு இப்போ எல்லா எடத்துலயும் கையிலதான் போகுதும்மா. ஒரே ஒரு விஷயம். உப்பைக் கொடுத்துட்டு மெஷின் கையை எடுக்க மாட்டேங்குது. வாங்குறவங்க இழுக்கிற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே நிக்குது. சில பேரு ரொம்ப நேரம் இழுக்கவே இல்லையாம். இது கோளாறான்னு மேல கேக்குறாங்க. சரி பண்ணணுமா?”

“யாராச்சும் கொற சொன்னாங்களா?”

“இல்லம்மா. ஒருத்தர்கூடச் சொல்லல.”

“அப்ப இருக்கட்டும் தாயி.”

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாட்டில், இத்தனை பேர், ஓர் இயந்திரம் பிடித்த கையை இழுக்காமல் நிற்கிறார்கள். நான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்திருந்தேன். ஆனால் அலீமாவுக்கு அந்தக் கை கிடைக்கவில்லை. அதை எந்தப் பதிவாலும் திருத்த முடியாது.

கார்த்திகையில் புயல் வந்தது. என் கூரை பறந்துபோயிற்று. ஊரையே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மறுநாள் காலை மழை விட்டதும் லாரியில் ஓர் இயந்திரம் வந்து இறங்கியது. சக்கரம் வைத்த பெட்டி, இரண்டு ரப்பர் கைகள். எல்லோரும் வரிசையில் நின்றோம். இருபத்திரண்டு வருஷம் சுமந்தவள், மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்தவள், கடைசியில் என் கையிடமே கை நீட்ட நின்றேன்.

எனக்கு ஐந்து ஆள் முன்னால் ஜெபக்கனி நின்றாள். திரும்பிப் பார்த்தாள், பார்க்காதவள் மாதிரி திரும்பிக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. அரிசியைக் கொடுத்தது, விட்டது. பருப்பைக் கொடுத்தது, விட்டது. உப்புப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தது. விடவில்லை. இழுத்துக்கொள்வாள் என்று பார்த்தேன். ஆயிரம் தடவை பார்த்தவள் அல்லவா நான். ஜெபக்கனி இழுக்கவில்லை. அந்த ரப்பர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிடி அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

அவள் குனிந்து, இயந்திரத்திடம், யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொன்னாள்: “சரி பேச்சி, விடு. நான் எங்க போயிரப் போறேன்.”

பிறகு கையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கண் மறைத்தது. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

என் முறை வந்தது. அரிசி, பருப்பு. பிறகு உப்பைக் கையில் வைத்து, என் கையைப் பிடித்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அளவான பிடி, வலிக்கவில்லை. இவ்வளவு காலம் நான் மற்றவர்களை இப்படித்தான் தொட்டிருக்கிறேன் போலிருக்கிறது. எனக்கு அது தெரியாது.

நான் இழுக்கவில்லை. இழுக்க மனசு வரவில்லை. அதுவும் விடவில்லை, எப்படி விடும்? முதலில் விடாதவள் சொல்லிக்கொடுத்த கை அது. இரண்டு பேரும் அப்படியே நின்றோம். “என்ன, ஒட்டிக்கிட்டா?” என்று யாரோ சத்தம் போட்டார்கள். லாரிக்காரர் வந்து ஏதோ பொத்தானை அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. யாராவது ஒருத்தர் முதலில் விட வேண்டும். எங்கள் இரண்டு பேருக்குமே அது பழக்கமில்லை.

அப்போது என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. வெயிலும் உப்பும் தின்ற கை.

“கிறுக்கி, போதும் வா” என்றாள் ஜெபக்கனி. “மத்தவங்க நிக்காங்கல்லா.”

வெடுக்கென்று இழுத்தாள். சரிந்த உப்புப் பொட்டலத்தை அவள் கை தாங்க, அது எங்கள் இரண்டு பேர் கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நான் அதைக் கீழே வைக்கவில்லை.